பதினோராவது நிரை

எங்கள் பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்தில் அட்டவணையின் குறுக்கு வரிசைக்கு நிரை என்று பெயர். மலையில் கொழுந்து பறிக்கும் ஒருத்திக்குக் கங்காணி பிரித்துக் கொடுக்கும் தேயிலை வரிசைக்கும் அதே பெயர்தான். பேச்சில் அது நெர. தரம் எட்டில் ஆசிரியர் கரும்பலகையில் நிரை என்று எழுதியபோது தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

என் கணினியில் ஓர் அட்டவணை இருக்கிறது. இருபத்து நான்கு நிரைகள். பதினோராவது நிரையில் நான்கு எண்கள் இருக்க வேண்டும். மூன்றுதான் இருக்கின்றன: 24.2, 24.5, 19.3. நான்காவது கட்டம் வெறுமை.

அந்த நிரை என் அம்மா மீனம்மா. நான்காவது வாரம் தொடங்குவதற்கு முதல் நாள் அவள் இறந்துபோனாள். அந்த நிரை அட்டவணையில் இருக்குமா, நீக்கப்படுமா என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இருக்க வேண்டும் என்று விரும்பினேன். வேறு எதையும் அந்த மாதம் நான் விரும்பவில்லை.

தேயிலை ஆய்வு நிலையம் ஒன்றில் நான் புள்ளிவிபரவியல் உதவியாளர். போன வருடம் எங்களுக்கு ஒரு சிறிய ஆய்வு வந்தது. பறிக்கும் பெண்கள் கொழுந்துப் பையைக் கயிற்றால் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடுகிறார்கள். பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்குகிறது. தோளிலும் இடுப்பிலும் கட்டக்கூடிய மூன்று புதுப் பைகளைத் தைத்திருந்தார்கள். கழுத்து வலி குறையும் என்பது தெரிந்ததே. பறிக்கும் எடை குறைந்துவிடாதா என்பதுதான் தோட்டத்துக்காரர்களின் கேள்வி.

பழைய பையோடு சேர்த்து நான்கு பைகள். நான்கு வாரங்கள். ஒவ்வொரு பெண்ணும் வாரத்துக்கு ஒன்றாக நான்கையும் சுமக்க வேண்டும். எல்லாரும் ஒரே பையில் தொடங்கினால், மழை பிடித்த வாரத்தின் பழி அந்த வாரத்துப் பையின் மேல் விழும். அதனால் வரிசையை மாற்றினோம். நான்கு பைகளை அடுக்க இருபத்து நான்கு வழிகள் உண்டு. இருபத்து நான்கு பெண்களை எடுத்தோம். ஒரு வழிக்கு ஒருத்தி.

நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தைத்தான் தெரிவு செய்தார்கள். பெண்களின் பெயர்ப் பட்டியலில் அம்மாவும் இருந்தாள். என் மேலதிகாரி நிப்ராஸிடம் அதைச் சொன்னேன். அவர் ஹட்டனைச் சேர்ந்தவர். அவருடைய வாப்பாவுக்கு அங்கே புடைவைக் கடை இருக்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாதிப் பேர் தீபாவளிச் சேலையை அங்கேதான் எடுப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தானே வரிசை வருகிறது, அம்மா இருந்தால் என்ன என்றார். மடித்த சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் போட்டு நீட்டினேன். அம்மா கண்ணை மூடி எடுத்தாள். முதலில் இடுப்புப் பை, கடைசியில் பழைய பை. அந்த வரிசை அந்த மலையில் அவளுக்கு மட்டும்தான்.

மூன்று வாரம் நான் லயத்தில் அம்மாவோடு தங்கினேன். பேராதனைக்குப் போனதிலிருந்து அவளோடு சேர்ந்தாற்போல் மூன்று நாளுக்கு மேல் நான் தங்கியதில்லை. பன்னிரண்டு வருடம்.

அம்மாவின் பெயர் தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் ஏறியது பதினாறு வயதில். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எண்களைச் சரளமாக வாசிப்பாள். எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி. எனக்குப் பதினான்கு வயதில் அப்பா மஞ்சள் காமாலையில் போனார். அதற்குப் பிறகு அவள் பறித்த கொழுந்தில் நான் படித்தேன். இதைச் சொல்ல இதற்கு மேல் வார்த்தை தேவையில்லை, தோட்டத்தில் படித்து வந்த எல்லாருடைய கதையும் இதுதான்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று சொல்வார்கள். குறித்த கிலோவைப் பறித்தால் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். எங்கள் தோட்டத்தில் அது பதினெட்டுக் கிலோ. என் பள்ளிக்கூடத்துக்கு அம்மா வந்த நாட்களில் எல்லாம் அவளுக்கு அரைப் பேர்தான். உயர்தரப் பரீட்சை முடிவு வந்த அன்றைக்கும் அரைப் பேர். எத்தனை அரைப் பேர் எனக்காக விழுந்தது என்று ஒரு தடவை கேட்டேன். "அதெல்லாம் யாரு எண்ணுனா? கணக்குப் படிச்சவ நீதான்" என்றாள்.

ஆய்வு தொடங்கிய முதல் நாள் மாலை, ரொட்டி தட்டிக்கொண்டே என் வேலையைப் பற்றி விசாரித்தாள்.

"பாக்கியம் முப்பது கிலோ எடுக்கிறவ. ஜீவராணி இருபது தாண்ட மாட்டா. ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சு நீ என்னத்தப் பார்ப்ப?"

நான் சொன்னேன். ஆளுக்கு ஆள் வித்தியாசம் பத்துக் கிலோ. பையால் வரும் வித்தியாசம் ஒன்று, இரண்டு கிலோ இருந்தால் பெரிய விஷயம். இருபத்து நான்கு பேருக்கு ஆளுக்கொரு பையைக் கொடுத்து ஒரே ஒரு முறை நிறுத்தால் அந்த ஒரு கிலோ இந்தப் பத்துக் கிலோவுக்குள் காணாமல் போய்விடும். அதே ஆளை நான்கு முறை நிறுத்தால், அவளுடைய வழக்கம் என்ன என்று தெரிந்துவிடும். அந்த வழக்கத்தைக் கழித்துவிடலாம். பாக்கியத்தின் முப்பதும் ஜீவராணியின் இருபதும் போய்விடும். தன் வழக்கத்திலிருந்து ஒருத்தி எவ்வளவு ஏறினாள், எவ்வளவு இறங்கினாள் என்பதுதான் மிஞ்சும். அதில் பையின் பங்கைத் தேடுவோம். மீள் அளவீட்டு மாறற்றிறன் பகுப்பாய்வு என்பது அவ்வளவுதான்.

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"அப்ப என்னையவே எனக்குப் போட்டியா விடுற."

"ஆமா."

"நல்ல வேலதான். நான் ஒங்கப்பன் செத்ததுலருந்து அதத்தான் செய்யிறேன்."

அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை.

தராசில் அவள் எனக்கு அம்மா இல்லை. அது அவளே வைத்த சட்டம். காலை, மதியம், மாலை என்று மூன்று முறை கொழுந்து நிறுக்கப்படும். தோட்டத்துத் தராசுதான், பேர் போடுவதும் அந்த எடையை வைத்துத்தான். நான் பக்கத்தில் நின்று என் புத்தகத்தில் எழுதுவேன். அம்மா வரிசையில் வருவாள். மற்றவர்களைவிடப் பணிவாகப் பேசுவாள்.

"நல்லாப் பாத்து எழுதுங்க மிஸ். நீங்க வாய்க்கு வந்தத எழுதுறதா பேசிக்கிறாங்க."

வரிசை சிரிக்கும். கங்காணி அழகன், பெத்த மகளிடமே வம்பா என்று கேட்பார்.

"தராசுல என்னங்க மக" என்பாள் அம்மா.

முதல் நாள் காலையில் இருபத்து நான்கு பேரையும் நிற்கவைத்து ஒரு விஷயம் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த நான்கு வாரமும் ஒருத்தர் கொழுந்தை இன்னொருத்தர் பையில் போடக் கூடாது. அப்படிப் போட்டால் யார் எவ்வளவு பறித்தார்கள் என்றே எனக்குத் தெரியாமல் போய்விடும். ஒவ்வொருவரும் தனித்தனியாக நின்றால்தான் என் கணக்கு நிற்கும். எல்லாரும் தலையாட்டினார்கள். முதலில் தலையாட்டியது அம்மா.

மூன்றாவது வாரத்தின் நடுவில் ஒரு மாலை, அவள் தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அதே லயத்தில் இரண்டு காம்பரா தள்ளி இருக்கும் ஜீவராணி சித்தியின் அறைக்கு. சித்தி எங்களுக்கு இரத்த உறவு இல்லை. மலையில் அம்மாவின் நிரைக்கு அடுத்த நிரை அவளுடையது, பதினெட்டு வருடமாக. என் அட்டவணையிலும் அவள் பன்னிரண்டு. திரும்பி வர நேரமானது. நான் எடைகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா பீலியில் துணி துவைக்கப் போனாள். மேலே ஊற்றிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர். அங்கேயே உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். ஓட்டோவில் ஏற்றினோம். என் மடியில் தலை. நோர்வூட் பாலம் வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஐம்பத்து நான்கு வயது. கையில் சவர்க்காரம் காயவில்லை.

மலையில் யாரும் திங்கட்கிழமை காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகவில்லை. நிப்ராஸ் வந்து லயத்து வாசலில் குடை பிடித்தபடி இரண்டு மணி நேரம் நின்றார். நான்காவது வாரத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். தள்ளியும் அம்மா வரவில்லை.

அந்த வாரம் என் இடத்தில் திலக்ஷன் என்ற சக ஊழியர் நின்று எழுதினார். நான் பதினாறாம் நாள் காரியம் முடித்து வேலைக்குத் திரும்பியபோது அட்டவணை என் மேசையில் இருந்தது. பதினோராவது நிரையில் நான்காவது கட்டத்தில் அவர் ஒரு சிறு கோடு போட்டிருந்தார். நான் அதை அழித்துவிட்டு வெறுமையாக விட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

வழக்கமான முறையில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் கணினி முழு நிரையையும் தள்ளிவிடும். நான்கு அளவும் இருந்தால்தான் ஆள். மூன்று இருந்தால் ஆளே இல்லை. பதினெட்டு நாள் மலை ஏறி இறங்கியதற்கு அரைப் பேர்கூடக் கிடையாது. இதை நான் எட்டு வருடமாக எத்தனையோ ஆய்வுகளில் செய்திருக்கிறேன். நோயாளிகள், விவசாயிகள், பாடசாலைப் பிள்ளைகள். யாரோ வராமல் போயிருப்பார்கள். அந்த நிரையை நீக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறேன்.

நிப்ராஸ் என் திரையை எட்டிப் பார்த்தார். என்னிடம் கேட்காமலே புரிந்துகொண்டார்.

"வேற முறை இருக்குத்தானே சுலக்ஷனா. இருக்கிற மூணையும் வச்சுக்கலாம். ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."

இருக்கிறது. கலப்பு மாதிரியுரு என்று ஒன்று. வெறுமையான கட்டத்துக்காக ஆளைத் தள்ளாது. இருப்பதை வைத்து அந்த ஆளின் வழக்கத்தைக் கணிக்கும். அதைப் பயன்படுத்துவதில் எந்தத் தவறும் இல்லை. சொல்லப்போனால் அதுதான் நல்ல முறை. எனக்கு அழுகை வந்தது. நல்ல முறை என் பக்கம் இருந்ததால்.

அன்றைக்கே அதை ஓட்டினேன். பதினோராவது நிரை உள்ளே இருந்தது. இன்னொன்றும் செய்தேன். அந்த முறையிடம் கேட்டால், அளக்காத வாரத்துக்கும் ஓர் எண்ணைச் சொல்லும். அம்மா நான்காவது வாரம் பழைய பையோடு போயிருந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு பறித்திருப்பாள். கேட்டேன். 22.1 என்று சொன்னது.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அம்மா வாழாத வாரத்தின் கொழுந்து. ஆறு நாளுக்கு நூற்று முப்பத்திரண்டு கிலோ. திங்கட்கிழமை மேகம் இறங்கியிருக்கும், காலையில் குறைவாக எடுத்திருப்பாள். செவ்வாய் வெயில். தராசில் நின்று, சரியா எழுதுங்க மிஸ் என்றிருப்பாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் எழுந்து போகவில்லை.

மறுநாள் வழக்கமான சோதனையைச் செய்தேன். ஆளின் வழக்கத்தைக் கழிக்க வேண்டும். பையைக் கழிக்க வேண்டும். வாரத்தைக் கழிக்க வேண்டும். மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும். மிச்சம் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால் நல்லது. எங்கேயாவது பெரிதாக நின்றால் அங்கே நமக்குத் தெரியாத ஏதோ நடந்திருக்கிறது.

இரண்டு இடத்தில் பெரிதாக நின்றது. ஒன்று, ஜீவராணி சித்தியின் நான்காவது வாரம். 20.6, 20.1, 18.2 என்று வந்தவள் 13.1க்கு விழுந்திருந்தாள். அது எனக்குப் புரிந்தது. பக்கத்து நிரை காலியாக இருக்கும்போது யாருக்குக் கை ஓடும்.

மற்றது அம்மாவின் மூன்றாவது வாரம். 24.5இலிருந்து 19.3. ஐந்து கிலோ.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். அவள் செத்துப்போவதற்கு முந்தைய வாரம் அது. ஐந்து கிலோ இறங்கியிருக்கிறாள். அவளை அவளுக்கே போட்டியாக விட்டது நான். அவள் தோற்றுக்கொண்டிருந்ததைத் தராசில் நின்று எழுதியதும் நான். மாலையில் அவளுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து அந்த எண்ணைக் கணினியில் ஏற்றியதும் நான். வார முடிவில் இருபத்து நான்கு பேரின் சராசரியைப் பார்த்தேன், அது சரியாக இருந்தது. சராசரி சரியாக இருந்தால் போதும் என்று மூடிவைத்தேன்.

எந்த நாளில் அவளுக்கு முடியாமல் போகத் தொடங்கியது என்று பார்க்க, நாளாந்தப் புத்தகத்தைத் திறந்தேன். மூன்றாவது வாரம்: 19.0, 19.6, 19.1, 19.5, 19.2, 19.4. இரண்டாவது வாரத்துச் சனிக்கிழமை 24.6. நோயாளி ஒருத்தி இப்படி இறங்க மாட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவாள், ஒரு நாள் ஏறுவாள், பிறகு இன்னும் இறங்குவாள். இது ஒரே நாளில் ஒரு படி இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது.

என் விரல் அடுத்த நிரைக்கு வழுக்கியது. ஜீவராணி, மூன்றாவது வாரம்: 18.1, 18.2, 18.3, 18.1, 18.2, 18.3.

பதினெட்டுக்குக் கீழே ஒரு நாளும் இல்லை. பதினெட்டரையை ஒரு நாளும் தொடவில்லை. மழையிலும் வெயிலிலும் ஆறு நாளும் இருநூறு கிராமுக்குள் எந்தக் கையும் பறிக்காது.

மூன்றாவது வாரம் அம்மாவையும் சித்தியையும் கூட்டினேன். 37.5. முதல் இரண்டு வாரத்து அம்மாவையும் நான்காவது வாரத்துச் சித்தியையும் கூட்டினேன். 24.4, 13.1. முப்பத்தேழரை.

ஞாயிற்றுக்கிழமை நோர்வூட்டுக்குப் பஸ் எடுத்தேன். எங்கள் காம்பரா பூட்டியிருந்தது. திறக்கவில்லை. நேரே ஜீவராணி சித்தி வீட்டுக்குப் போனேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்து, இடது கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் பழைய துணி சுற்றியிருந்தது.

"வா பாப்பா. தேத்தண்ணி ஊத்தட்டா?"

"கை எப்பருந்து சித்தி இப்பிடி?"

அவள் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அட்டவணையின் படியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவளுக்கு எண்கள் தெரியும். பதினெட்டு, பதினெட்டு என்று விரல் வைத்து ஆறு நாளையும் வாசித்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

மூன்றாவது வாரத்துக்கு முந்தைய ஞாயிறு விறகு பிளக்கும்போது மணிக்கட்டு பிசகியிருக்கிறது. விடுப்பு எடுத்தால் பேர் இல்லை, போனால் பதினெட்டு வராது. மதியத் தராசுக்கு முன்னாலும் மாலைத் தராசுக்கு முன்னாலும் அம்மா கீழ் வளைவில் நின்று சித்தியின் பையைத் தூக்கிப் பார்ப்பாளாம். எவ்வளவு குறைகிறது என்று கைக்குத் தெரியுமாம். தன் பையிலிருந்து அள்ளி அவள் பையில் போடுவாளாம். போட்டுவிட்டு இன்னொரு தடவை தூக்கிப் பார்ப்பாளாம். கூடுதலாக இருந்தால் ஒரு பிடியைத் திரும்ப எடுத்துக்கொள்வாளாம்.

அந்தத் தராசு நூறு கிராமுக்குச் சரியாகக் காட்டும் என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

"நான் சொன்னேன் பாப்பா. அக்கா, ஒங்க மகதான வேணாங்குது, அது கணக்குக் கெட்டுப் போயிருமேன்னு. அவ சொன்னா, 'அவகிட்டச் சொன்னா அவ அழிக்கணும். சொல்லாட்டி அவ மேல தப்பு இல்ல. ஒன் கை சரியாகட்டும், அப்பறம் நானே சொல்றேன்'னு."

தராசில் மகள் இல்லை. வீட்டிலும் அவள் என்னைத் தராசாகத்தான் பார்த்திருக்கிறாள். மூன்று வாரம் ஒரே பாயில் படுத்தோம். என்னிடம் மறைக்க அவளிடம் ஒன்று இருந்தது. அதைத் தெரிந்துகொண்டபோது வலித்தது. அதே நேரம், இன்னும் ஒன்றைத் தெரிந்துகொள்ள நான் வந்திருந்தேன்.

"அம்மாவுக்கு அந்த வாரம் ஏலாம இருந்துச்சா சித்தி?"

சித்தி மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் பொய் சொல்ல யோசிக்கிறாள் என்று நினைத்தேன். நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள்.

"மேட்டுல ஏறுறப்ப ஒரு தடவ நின்னா. மூச்சு வாங்குச்சு. எனக்குந்தான் வாங்கும், எல்லாருக்குந்தான் வாங்கும். ஆனா எடுத்தா பாப்பா. எப்பயும் எடுக்கிற அளவு எடுத்தா. அதுல கொறையே இல்ல."

19.3உம், சித்தியின் பையில் போன ஐந்தும். இருபத்து நான்கு சொச்சம். அம்மா இறங்கவில்லை. தன் வழக்கத்தை அவள் கடைசி நாள் வரைக்கும் விடவில்லை. மூச்சு வாங்கியது என்பதை என் தராசு அளந்திருக்க முடியாது. நான் அளந்திருக்கலாம், பக்கத்தில் நடந்திருந்தால்.

தேநீர் வந்தது. இனிப்பு கூட. குடித்தேன்.

"எனக்கு ஏதும் வருமா?" என்று கேட்டாள் சித்தி. "பேர் போடுற கண்டாக்கு ஐயாவுக்குத் தெரிஞ்சா அந்த ஆறு நாள் பேரையும் வெட்டிருவாரு."

ஆய்வில் எழுதிய எடை தோட்டத்துக்குப் போகாது, பெயர் போகாது, இலக்கம் மட்டும்தான் என்றேன். அது உண்மை. முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம்.

"அப்ப நீ என்ன செய்வ?"

பஸ்ஸில் வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். யாருக்கும் தெரியாது. நிப்ராஸுக்கும் தெரியாது. மூன்று எண்களும் அப்படியே இருக்கலாம். ஆனால் அந்த மூன்றாவது எண் அம்மாவுடையது இல்லை. அவளிடம் மிஞ்சியது. சித்தியின் 18.2 சித்தியுடையது இல்லை. திருத்தலாமா என்று பார்த்தேன். எந்த நாள் எத்தனை பிடி என்று யாருக்குத் தெரியும். மூன்றாவது வாரத்தை மட்டும் எடுத்தால்? அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் ஒருத்திக்கொருத்தி கொடுத்ததே இல்லை என்று யார் சொல்வது. தனித்தனியாக நிற்பவர்களுக்குத்தான் என் கணக்கு. இவர்கள் அப்படி நிற்கவில்லை.

"ரெண்டு நெரையையும் எடுத்துறணும் சித்தி. அம்மாவோடதையும் ஒங்களோடதையும்."

"எடுத்துட்டா?"

"இருபத்து ரெண்டு பேரு. நீங்க ரெண்டு பேரும் அதுல இல்ல."

"பேரே விழாதா?"

"விழாது."

அவள் சுளகை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். கல் ஒன்றைப் பொறுக்கி முற்றத்தில் எறிந்தாள்.

"போகட்டும். அவளத் தனியா எடுத்திருந்தியன்னா எனக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும்."

போகும்போது அம்மாவின் தைலப் புட்டியை உள்ளேயிருந்து கொண்டுவந்து நீட்டினாள். கால்வாசி மிச்சம் இருந்தது. கை சரியாகும் வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவளிடமே கொடுத்தேன். எங்கள் காம்பராவை அன்றைக்கும் திறக்காமல்தான் திரும்பினேன்.

திங்கட்கிழமை நிப்ராஸிடம் சொன்னேன். நடந்தது என்ன என்று முழுவதும் சொல்லவில்லை, இரண்டு பேரின் அளவுகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தன என்று மட்டும் சொன்னேன். நிச்சயமா என்றார். நிச்சயம் என்றேன்.

இருபத்து இரண்டு நிரையோடு ஓட்டினேன். இடுப்பில் கட்டும் பையோடு பறித்தபோது, பழைய பையைவிட ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ கூடுதல். தற்செயல் என்று தள்ள முடியாத வித்தியாசம். அம்மாவும் சித்தியும் இருந்திருந்தாலும் முடிவு இதுவேதான், சோதித்துப் பார்த்தேன். அவர்கள் இருந்ததாலும் போனதாலும் எதுவும் மாறவில்லை. அறிக்கையில் எட்டாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "11, 12 ஆம் இலக்கப் பணியாளர்களின் அளவுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இயலாதவை. ஆகவே இரண்டும் சேர்க்கப்படவில்லை." பிரிக்க இயலாதவை என்பது சரியான கலைச்சொல் இல்லை. நிப்ராஸ் அதை வாசித்தார். திருத்தவில்லை.

அம்மாவின் நாளாந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. மூன்று வாரம், பதினெட்டு நாள், என் கையெழுத்து. அந்தப் பழைய 22.1 தவறு. அது 19.3ஐ நம்பி வந்த எண். மூன்றாவது வாரத்துக்கு அந்த இருபத்து நான்கு சொச்சத்தைக் கொடுத்துக் கேட்டால், கணினி நான்காவது வாரத்துக்கு வேறு எண் சொல்லும். அரை நிமிட வேலை. இன்னும் கேட்கவில்லை. நான்காவது கட்டம் அப்படியே இருக்கிறது.